இரண்டு முறை எபிரேயம், ஒருமுறை தமிழ்

வெள்ளிக்கிழமை விடியும்போது ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கினேன். முதலில் கண்ணில் பட்டது மலை. கொச்சியில் பிறந்த எனக்கு அது கிழக்கே இருக்க வேண்டியது. மழை விட்ட காலைகளில் எப்போதாவது ஒரு நீலக் கோடாகத் தெரிவது. இங்கே அது மேற்கே, ஊரின் தலைமாட்டில் எழுந்து நின்றது. இத்தனை வருடம் ஒரு ஆளின் முதுகையே பார்த்துப் பழகிவிட்டு அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்தது போல இருந்தது.

நான் வந்தது ஒரு பழத்துக்காக. யூதர்களாகிய எங்களுக்குக் கூடாரப் பண்டிகை என்று ஒன்று உண்டு. ஏழு நாள் வீட்டுக்கு வெளியே கீற்றுக் கூரையின் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். காலையில் பேரீச்சங்குருத்தோடும் இன்னும் இரண்டு தழைகளோடும் ஒரு பழத்தைக் கையில் சேர்த்துப் பிடித்து ஆசி சொல்ல வேண்டும். எபிரேயத்தில் அதற்கு எத்ரோக் என்று பெயர். தமிழில் கொம்மட்டி மாதுளை. பெயரில்தான் மாதுளை, ஜாதி எலுமிச்சை ஜாதி. தோலில் வடு இருக்கக்கூடாது. நுனியில் சின்னக் குச்சி போல ஒரு முனை இருக்கும், அது ஒடிந்திருக்கக்கூடாது. ஒட்டுக்கட்டிய மரத்தில் காய்த்ததாகவும் இருக்கக்கூடாது. எங்கள் தெருவில் அந்த மரம் இருந்தது ஒரே வீட்டில். அந்த வருடம் ஆனிக் காற்றில் அது வேரோடு சாய்ந்தது. யுத்த காலம், கப்பலில் எதுவும் வராது.

உபவாச நாள் முடிந்த அன்று சாயங்காலமே ஜெபாலயத்துப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "உனக்குத்தான் மலைக்கு அந்தப் பக்கத்துப் பாஷை தெரியும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயப் பண்டிகை. அதற்குள் ஒரு பழம் வேண்டும்" என்றார்.

பாஷை தெரியும் என்பது உண்மை. மதுரையில் ஓர் அச்சாபீஸில் பதினோரு வருடம் எழுத்துக் கோத்தவன் நான். தமிழ் எனக்கு ஈய எழுத்தாகத்தான் அறிமுகமானது, கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி. வலமிருந்து இடமாக எபிரேயம் வாசித்துப் பழகிய கண்ணுக்கு அது கஷ்டமாக இல்லை. காகிதம் கிடைக்காமல் அச்சாபீஸை மூடியதும் ஊர் திரும்பினேன். நான் இல்லாதபோது அப்பா இறந்துபோயிருந்தார். அக்கா கல்யாணமாகிப் போயிருந்தாள். மாமா வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஜெபாலயத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர் இரண்டு வருடமாக என்னை 'மதுரைக்காரர்' என்றே அழைத்தார். மதுரையில் பதினோரு வருடமும் நான் 'கொச்சிக்காரர்'.

ராஜபாளையத்தில் மைதீன் ராவுத்தரைப் பார்க்கும்படி கொச்சி வியாபாரி ஒருவர் கடிதம் கொடுத்திருந்தார். ராவுத்தருக்குக் காய்கனி மண்டி. ஐம்பது வயதிருக்கும், பெரிய தொண்டை. கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஒரு காய்க்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?"

"ஒரு காய்க்குத்தான்."

"ஊறுகாய்க்கா, மருந்துக்கா?"

"கையில் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே இரண்டு பேர் பருத்தியைப் பற்றித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் அவர்களுக்குத் தெலுங்கிலும் எனக்குத் தமிழிலும் ராவுத்தருக்கு வெறும் தலையசைப்பிலும் பதில் சொன்னார்.

ராவுத்தர் வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்தன. நான் இடியாப்பத்தைத் தேங்காய்ப் பாலில் தொட்டுக்கொண்டேன். எங்கள் முறைப்படி அறுத்த கறியைத்தான் நாங்கள் சாப்பிடலாம்.

"எங்க அறுப்பு உங்களுக்கு ஆகாதாக்கும்?"

"ஆகாது. கோவிச்சுக்காதீங்க."

"உங்க அறுப்பு எங்களுக்கு ஆகும்" என்றவர், என் பங்குக் குழம்பையும் தன் தட்டில் ஊற்றிக்கொண்டார். "நல்லதாப் போச்சு. எனக்குக் கூடக் கெடச்சுது."

அவருக்கு வத்திராயிருப்பில் தேங்காய் பார்க்கிற வேலை இருந்தது. வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாட்டு மருந்துக் கடையில் கேட்கலாம் என்று என்னோடு கிளம்பினார். தன் மருமகன் காசிம் அன்று ராத்திரி ரயிலில் கொல்லம் போய் அங்கிருந்து படகில் கொச்சிக்குச் சரக்கு கொண்டுபோவதாகவும், பழம் கிடைத்தால் நான் அவனோடு துணையாகப் போகலாம் என்றும் சொன்னார். ராத்திரி ரயிலில் நான் போக முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வெள்ளி பொழுது சாய்ந்ததும் எங்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் பொழுது சாய்கிறவரை பயணம் கூடாது. மத்தியானத்துக்குள் பழம் கிடைத்து, பகல் வண்டி ஏதாவது பிடித்து, கூடியவரை ஊர்ப் பக்கம் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை.

பஸ் நிறையக் கூட்டம். மறுநாள் புரட்டாசிச் சனி. பெருமாளுக்கு முடி இறக்கப் போகிறவர்கள், துளசி மாலை கட்டி எடுத்துக்கொண்டவர்கள், குடும்பம் குடும்பமாக. அவர்களுக்கும் நாளைதான் நாள், எனக்கும் நாளைதான். ஒரு பெண் நிற்க இடமில்லாமல், "செத்த நேரம் வச்சுக்கோங்க" என்று தன் குழந்தையை என் மடியில் உட்கார வைத்தாள். அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிவிட்டது.

"ஒத்தையிலயா போறீய?" என்றாள் அவள்.

"ஆமா."

"சாமி பாக்கவா?"

தலையை ஆட்டினேன். கோபுரம் தெரிந்ததும் அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு இறங்கிப்போனாள். மடி கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் பால் காய்ச்சும் மணம். எங்கள் ஊரில் காற்று முழுக்க உப்பும் மீனும் மிளகுமாக இருக்கும். இங்கே தெருவே இனிப்பாக மணந்தது. மருந்துக் கடைக்காரர் நான் தேடுகிற பழத்தின் காய்ந்த தோலை டப்பாவிலிருந்து எடுத்துக் காட்டினார். முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. "கூமாப்பட்டிப் பள்ளிக்கூடத்து மரம். டீச்சரம்மா வருசா வருசம் தோலை உரிச்சுக் காயவச்சு அனுப்புவாவ" என்றார்.

வத்திராயிருப்பு போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. ராவுத்தர் வானத்தைப் பார்த்தார். "இன்னைக்கு ஜும்மா. நான் தொழுதுட்டுத் தேங்காயையும் பாத்துட்டு இங்கனயே நிக்கேன். நீங்க மாட்டுவண்டி புடிச்சுப் போயிட்டு வாங்க. மூணு மணிக்கு பஸ்."

மூன்று மைல், வயலும் தென்னையும். மலை பக்கத்தில் வரவர வண்டிக்காரர்கூடக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

பள்ளிக்கூடம் மிஷன் நடத்துகிற ஒற்றைக் கட்டடம். முன்னால் கிணறு, பக்கத்தில் முள்ளும் இலையுமாக அந்த மரம். பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைப் புடவை, கையில் சாக்பீஸ்.

"யாரு வேணும்?"

"கொச்சியிலிருந்து வர்றேன். நான் யூதன். உங்கள் மரத்தில்..."

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். "யூதர்னா, வேதத்துல வாரவியளா?"

"ஆமா."

"இன்னமும் இருக்கியளா?"

"இருக்கோம். கொஞ்சம் பேர்."

அவர் பெயர் எஸ்தர். என் அக்கா பெயரும் அதுதான் என்றேன். அதன் பிறகு அவர் என்னை அந்நியனாக நடத்தவில்லை, 'அண்ணாச்சி' என்றார். மரம் ஒட்டுக்கட்டியதா என்று கேட்டேன். "யாரு கட்டுவா? காக்கா போட்ட வெத, தானா வந்துச்சு" என்றபடி தொரட்டியை எடுத்து முதல் காயை இழுத்தார். அது விழுந்த வேகத்தில் முனை ஒடிந்தது. நான் போட்ட சத்தத்தில் வாய்ப்பாடு நின்றுபோனது.

பிறகு நானே ஏறினேன். கையிலும் தோளிலும் முள் கிழித்தது. ஒவ்வொன்றாகப் பறித்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் புழு போன தடம், ஒன்றில் கிளை உரசிய வடு. டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான்."

கடைசியில் ஒன்று கிடைத்தது. இலைக்குள் ஒளிந்து வளர்ந்தது. மஞ்சள் ஏறத் தொடங்கிய பச்சை, இடுப்பு சிறுத்து, முனை அப்படியே நின்றது. கொண்டுவந்திருந்த தகர டப்பாவில் பஞ்சு வைத்து அதில் படுக்க வைத்தேன். காசு கொடுத்தபோது டீச்சர் வாங்கவில்லை. "ராத்தங்க எடம் வேணும்னா பள்ளிக்கூடம் சும்மாத்தான் கெடக்கு" என்றார். வேண்டியிருக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வத்திராயிருப்பில் பஸ் நின்றது, ஆனால் கிளம்பவில்லை. பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளையில் கரியை எரித்து அந்தப் புகையில் ஓட்டுவார்கள். அன்று கரி ஈரம். கிளீனர் துருத்தியைச் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்து உட்கார்ந்தான். டிரைவர் சுற்றினார். ராவுத்தர் சுற்றினார். நானும் சுற்றினேன். மூன்று நாலாயிற்று, நாலரையும் ஆயிற்று. சூரியன் மலையை நோக்கி இறங்கிக்கொண்டே இருந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜின் இருமி, உறுமி, ஓடத் தொடங்கியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

நான் ஏறவில்லை.

"ஏறுங்க அண்ணாச்சி" என்றார் ராவுத்தர் படியில் நின்றபடி.

"போய்ச் சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எனக்கு ஓய்வுநாள் வந்துவிடும்."

"பஸ்ஸ நீங்களா ஓட்டப் போறீக? சும்மா உக்காந்துதானே வாரீக?"

"உட்கார்ந்தும் வரக்கூடாது."

"அப்ப பழம்? ஞாயித்துக்கிழமைக்குள்ள போகணும்னீங்களே?"

டப்பா என் கையில் இருந்தது. நாளை பொழுது சாய்ந்த பிறகு கிளம்பினால் ஞாயிறு சாயங்காலம் நான் பாதி வழியில் இருப்பேன். நானும் போய்ச் சேர மாட்டேன், பழமும் சேராது. இப்போதே, பொழுது சாயும் முன்னால், வேறொருவர் கையில் கொடுத்தால் பழமாவது போகும். காலையில் அறிமுகமான மனிதர். அவர் மருமகனை நான் பார்த்ததுகூட இல்லை. முனையில் ஒரு விரல் இடித்தால் எல்லாம் வீண்.

டப்பாவை நீட்டினேன். "காசிமிடம் கொடுங்கள். இந்த முனை ஒடியக்கூடாது. ஒடிந்தால் இது வெறும் காய்."

ராவுத்தர் என் முகத்தையே பார்த்தார். "மத்தியானம் நான் தொழப் போகையில நீங்க ஒண்ணும் கேக்கலியே. இப்ப நான் கேக்கது சரியில்ல" என்று டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கரிப்புகை வெகுநேரம் ரோட்டிலேயே நின்றது.

கூமாப்பட்டிக்கு நடந்தேன். மலைக்குப் பக்கத்தில் பொழுது சீக்கிரமே மறைந்துவிடுகிறது. சூரியன் இன்னும் இருக்கிறது, ஆனால் நமக்கு இல்லை. அது சாய்ந்ததாகக் கணக்கா இல்லையா என்று கேட்கவும் அங்கே ஆள் கிடையாது. ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். டீச்சர் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு, ஒரு பாயும் விளக்கும் குடத்தில் தண்ணீரும் வைத்தார். விளக்கை ஏற்றினேன். திராட்சை ரசத்துக்குப் பதிலாக, உலர்ந்த திராட்சையை ஊறவைத்த நீரின் மேல் ஆசி சொன்னேன். அவலும் வாழைப்பழமும் சாப்பிட்டேன்.

எங்கள் வீடுகளில் அந்த நேரத்தில் மேஜையைச் சுற்றிப் பாட்டு நடக்கும். மாமா வீட்டில் நான் மேஜை ஓரத்தில் உட்கார்ந்து, வாயை மட்டும் அசைப்பேன். அன்று அந்த ஓரம்கூட வேண்டும் போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் மேற்கே திரும்பி நின்று ஜெபித்தேன். எங்களுக்கு எருசலேம் மேற்கே. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் மலைதான் தெரிந்தது. எருசலேமும் அதற்குப் பின்னால், என் ஊரும் அதற்குப் பின்னால்.

மோசேயின் ஐந்து நூல்களையும் நாங்கள் வாரம் ஒரு பகுதியாக வருடம் முழுவதும் வாசிப்போம். தோலில் எழுதிய சுருளை எடுத்து வாசிக்கப் பத்து ஆண்கள் வேண்டும். தனியாள் அச்சிட்ட புத்தகத்தில் தானே படித்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஒரு முறை உண்டு: மூலத்தை இரண்டு தடவை, மொழிபெயர்ப்பை ஒரு தடவை. அந்த வாரத்துப் பகுதி மோசே சாவதற்கு முன் பாடிய பாட்டு. வானத்தைச் செவி கொடுக்கச் சொல்லி, பூமியைக் கேட்கச் சொல்லித் தொடங்கும். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் பெரிய கம்பீரமான தொடக்கம் என்று நினைத்திருக்கிறேன். அன்று அந்தக் காலி பெஞ்சுகளின் முன்னால் உரக்க வாசித்தபோது வேறு மாதிரிக் கேட்டது. எதிரே ஒரு ஜனமே நிற்கிறது. மோசேயோ வானத்தையும் பூமியையும் கூப்பிடுகிறார். நாற்பது வருடம் பேசியும் கேட்காத ஜனம். கேட்க ஆளில்லாதவனுடைய குரல் அது.

இரண்டு தடவை முடித்தேன். மொழிபெயர்ப்பாக என் புத்தகத்தில் இருப்பது அரமேயம், எனக்கு அரைகுறையாகத்தான் புரியும். அதை எடுத்தபோது வாசலில் குடத்தோடு டீச்சர் நிற்பதைப் பார்த்தேன். தண்ணீர் எடுக்க வந்தவர், எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"பாட்டு மாதிரி இருந்துச்சே. என்ன படிச்சீக?"

சொன்னேன். ஐந்தாவது நூல், கடைசிக்கு இரண்டு அதிகாரம் முன்னால். அவர் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் வேதப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். வாசல்படியில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினார்.

"இங்கன இருக்கு. நான் தமிழ்ல வாசிக்கட்டுமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு தடவை மூலம், ஒரு தடவை மொழிபெயர்ப்பு. "வாசிங்க" என்றேன்.

வகுப்பில் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். உபதேசம் மழை போல இறங்கட்டும் என்கிற இடத்தில் நான் வெளியே பார்த்தேன். உச்சியில் மேகம் இருந்தது. கீழே இறங்கவில்லை. கழுகு தன் குஞ்சுகளுக்கு மேலே சிறகடிக்கிற இடம் வந்தது. அதற்கு அடுத்த வரியில் அவர் நின்றார்.

"இதுல கர்த்தர் ஒருத்தர்தான் நடத்தினாருன்னு வருது. உங்க பாஷையிலயும் அப்பிடித்தானா?"

"எங்கள் சொல் 'பாதாத்'. தனியாக என்று அர்த்தம். ஊருக்கு வெளியே இருக்கிற குஷ்டரோகிக்கும் அதே சொல். ஆள் இல்லாமல் போன நகரத்துக்கும் அதே சொல்."

"தனியான்னா, யாரு தனியா? நடத்துனவரா, நடந்து போனவியளா?"

அந்தக் கேள்வியை நான் கேட்டுப் பார்த்ததே இல்லை. இலக்கணப்படி தெய்வம்தான், வேறு தெய்வம் கூட இல்லை என்று அடுத்தாற்போல் வருகிறது. அப்படியே சொன்னேன். அவர் விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ரெண்டு பேரும் தனியாத்தான் இருந்திருக்காவ போல. அதான் சேந்து போயிருக்காவ" என்றார்.

பிறகு மெல்ல, புத்தகத்தைப் பார்த்தபடியே, சொன்னார். அவருடைய கணவர் ரங்கூனில் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். அந்த ஊர் ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து கடிதம் இல்லை. காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களிடமெல்லாம் ஆள் விட்டுக் கேட்டாயிற்று. "எல்லாரும் அவிய போயிட்டாவன்னு சொல்லுதாவ. கோயில்ல அவியளுக்காக ஜெபம் பண்ணவும் கூச்சப்படுதாவ. இருக்கவியளுக்குப் பண்ணவா, செத்தவியளுக்குப் பண்ணவான்னு தெரியலியாம்."

நான் என் புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"நீங்க ஜெபத்துல அவிய பேரச் சொல்லுவீயளா?"

"சொல்றேன். பேர்?"

"யாக்கோபு."

"அவருடைய அம்மா பேர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அம்மா பேரு எதுக்கு?"

"எங்கள் வழக்கம். உயிரோடு இருப்பவருக்காக வேண்டும்போது அம்மா பேரைச் சேர்த்துத்தான் சொல்வோம்."

அவர் கண் நிறைந்துவிட்டது. "ரூத்தம்மா" என்றார். "எழுதிக்கிடுங்க, மறந்துருவீக."

"இன்றைக்கு எழுதக்கூடாது. மறக்க மாட்டேன்."

யாக்கோபு, ரூத்தம்மாள் மகன். இதை எழுதும் இன்று வரை மறக்கவில்லை.

பாட்டு முடிந்த பிறகும் அந்த வாரப் பகுதியில் ஒரு சிறு துண்டு இருக்கிறது. அதையும் அவர் வாசித்து முடித்தார். மலையில் ஏறு, தேசத்தை எட்ட நின்று பார், உள்ளே நீ போவதில்லை என்று மோசேக்குச் சொல்லப்படுகிற இடம். டீச்சர் போன பிறகு நான் வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரிகளை எப்போதும் தண்டனையாகவே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தண்டனைதான். ஆனாலும் மோசே பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஜனங்கள் ஆற்றைக் கடக்கும்போது அவர் இருக்க மாட்டார், பாட்டு அவர்கள் வாயில் இருக்கும். கையிலிருப்பதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் நிற்கிறவர்களும் வேண்டியிருக்கிறது. டப்பாவைக் கொடுத்ததிலிருந்து என் நெஞ்சில் கிடந்த கல் அப்போது கொஞ்சம் நகர்ந்தது. முழுவதும் நகர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முனை ஒடிந்திருக்குமோ என்கிற பயம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட முற்றத்தில், மரநிழல் விழாத இடமாகப் பார்த்து, நாலு கம்பு நட்டு மூன்று பக்கம் ஓலைத்தட்டி கட்டினேன். மேலே தென்னங்கீற்றை நட்சத்திரம் தெரிகிற அளவுக்கு இடைவெளி விட்டுப் போட்டேன். கோயிலிலிருந்து திரும்பி வந்த டீச்சர் அண்ணாந்து பார்த்தார்.

"மழை பேஞ்சா ஒழுகுமே அண்ணாச்சி. நல்லா நெருக்கிப் போடக் கூடாதா?"

"ஒழுகத்தான் வேண்டும்."

"வேதத்துல இருக்கவிய எல்லாரும் இப்பிடித்தான் போல" என்று போய்விட்டார்.

அன்று மாலை பண்டிகை பிறந்தது. முதல் இரண்டு நாளும் பயணம் கூடாது. அந்தக் கீற்றின் கீழே தனியாக உட்கார்ந்து தேங்காய்ச் சோறும் மோரும் சாப்பிட்டேன். என்னிடம் இருந்தது முனை ஒடிந்த அந்த முதல் காய் மட்டும். ஆசி சொல்ல அது ஆகாது. முகர்ந்து பார்த்து வைத்துவிட்டேன். திங்களன்று காலை நான் ஜெபித்துக்கொண்டிருக்க, உள்ளே பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னார்கள். யாக்கோபின் பெயரைச் சொல்லும் இடம் வந்தபோது பதினாறெட்டு நூற்று இருபத்தெட்டு.

புதன்கிழமை விடிகாலையில் புறப்பட்டேன். டீச்சர் ஒரு பொட்டலம் அவல் கொடுத்தார். "அவிய வந்தா உங்களுக்கு ஒரு கடுதாசி போடுதேன்" என்றார். விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

ராஜபாளையத்தில் மண்டிக்குள் நுழைந்ததும் ராவுத்தர், "ஏலே காசிம், ஆளு வந்தாச்சு!" என்று கத்தினார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். ரயிலின் கரி இன்னும் முகத்தில் இருந்தது. அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

"முனை?" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"இருக்கு. ரயில்ல ஒருத்தன் டப்பா மேல மூட்டைய வைக்க வந்தான், சண்டையே ஆயிருச்சு. பொறவு மடியிலயே வச்சுக்கிட்டேன். படகுல தூங்கவே இல்ல." அவர் உட்கார்ந்து விவரமாகச் சொன்னார். ஞாயிறு மத்தியானம் எங்கள் தெருவுக்குப் போயிருக்கிறார். ஆண்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களாம். "அந்தப் பெரியவரு டப்பாவத் தொறக்கல. மொதல்ல, பழத்துக்குப் போன ஆளு எங்கன்னு கேட்டாரு. சனிக்கிழமைக்காக நின்னுட்டாருன்னேன். பொறவு தொறந்தாரு. வெளிச்சத்துல பாத்தாரு. முனைமேல எறும்பு ஒண்ணு நின்னுச்சு, அத மெதுவா ஊதி விட்டாரு. அம்புட்டுத்தான், தெருவே சிரிச்சுச்சு."

"அப்புறம்?"

"நான் கெளம்புறேன்னேன். விடல. 'அவன் எடம் காலியா இருக்கு, நீ இரு'ன்னாரு. அன்னைக்கு ராத்திரி அந்தக் கீத்துப் பந்தலுக்குள்ள உங்க எடத்துல நாந்தான் உக்காந்தேன்."

"பெரியவர் வீட்டிலா?"

"ஆமா. அவருக்கு வலது பக்கம்."

எனக்கு அப்படி ஓர் இடம் இருந்ததே தெரியாது. மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மீன் என்றார், தேங்காய் அரைத்த குழம்பு, அரிசி மாவில் சுட்ட பணியாரம். யார் யார் இருந்தார்கள் என்றேன். பெயர் தெரியாமல் அடையாளம் சொன்னார்: ஒரு காதில் கேட்காதவர், சிரித்தால் நிறுத்தாதவர், சின்னப் பிள்ளைகளைப் பந்தல் காலில் ஏறவிடாமல் விரட்டிய அம்மா. ஒவ்வொருவரும் யாரென்று எனக்குத் தெரிந்தது. என் ஊரின் பண்டிகையை அந்த ஊரைச் சேராத ஒருவர் வாயிலிருந்து, வெங்காய மூட்டை நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாடினார்களா?"

"பாடாமலா? விடிய விடிய. வார்த்தை ஒண்ணும் வெளங்கல. ஒரு பாட்டு மட்டும் ராகம் புடிபட்டுச்சு."

காசிம் கண்ணை மூடிக்கொண்டு முனகினார். முதல் அடி சரியாக இருந்தது. இரண்டாவது அடியில் ஏற வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். மாமா வீட்டு மேஜையில் இரண்டு வருடம் வாயை மட்டும் அசைத்த பாட்டு அது. குரல் முதலில் பிசிறியது, பிறகு சீராயிற்று.

"அதான், அதான்!" என்று தொடையில் தட்டினார் காசிம். ராவுத்தர் தராசில் போடப்போன எடைக்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"முழுசாப் பாடுங்க அண்ணாச்சி" என்றார். "ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு."